சிவப்பு விளக்கின் இடது மூலை

சிலிகான் ரப்பருக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று பார்க்கத் தெரியாது. எதன் மேல் ஊற்றுகிறோமோ அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். ஒரு முடி ஒட்டியிருந்தால் அந்த முடியையும், ஒரு கீறல் இருந்தால் அந்தக் கீறலையும் எடுத்துக்கொள்ளும். என் பிழைப்பு அதில்தான் ஓடுகிறது. பழைய கார்களின் பின்பக்கம் விளக்குக்கு மேல் ஒரு சிவப்பு மூடி இருக்கும். லென்ஸ் என்பார்கள். ஐம்பது அறுபது வருடத்துக் கார்களுக்கு அது இப்போது எந்தக் கடையிலும் கிடைக்காது. உடையாமல் மிச்சமிருக்கும் ஒன்றை வாங்கி, அதன் மேல் சிலிகானை ஊற்றி அச்சு எடுப்பேன். அச்சுக்குள் சிவப்புச் சாயம் கலந்த ரெசினை, அதாவது கெட்டியாகிற பிளாஸ்டிக் திரவத்தை, ஊற்றினால் மறுநாள் புதிதாக ஒன்று வந்துவிடும். சொல்வதற்குச் சுலபமாக இருக்கிறது. செய்து பார்த்தால் தெரியும் சங்கதி.

ஜொகூர் பாருவுக்குப் பக்கத்தில், செனாயில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருடம் அச்சு பராமரிப்பு வேலை பார்த்தேன். தொழிற்சாலையை வேறு நாட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று ஒருநாள் எங்களைக் கூப்பிட்டு, கையைக் குலுக்கி, சாப்பாடும் போட்டு அனுப்பிவிட்டார்கள். ஐம்பத்திரண்டு வயதில் இன்னொரு இடத்தில் போய் இருபது வயதுக்காரனிடம் ‘யெஸ் பாஸ்’ சொல்ல என்னால் ஆகாது. எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். கூலாய் சந்தையில் நிறுத்தியிருந்த என் சொந்தக் காரின் பின் விளக்கை ஒரு மோட்டார் சைக்கிள்காரன் உடைத்துவிட்டுப் போனான். அதற்கு ஒன்று செய்து பார்க்கலாமே என்று ஆரம்பித்ததுதான் இந்த வேலை. தாமான் என்கிற குடியிருப்பில் இருந்த என் வீட்டின் கார் போர்ச் எனக்குப் பட்டறையானது, கார் வெயிலுக்குப் போனது.

சமையலறையிலும் கொஞ்சம் கை வைத்தேன், மறைப்பானேன். ரெசினில் வரும் காற்றுக் குமிழிகள் அடங்க வேண்டுமானால் அதை அழுத்தத்தில் வைக்க வேண்டும். பெரிய குக்கர் ஒன்று அடுப்படியில் சும்மா இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

“சாம்பார் வைக்கிற குக்கருங்க அது” என்றாள் என் மனைவி.

“இனிமே இது விளக்கு வைக்கிற குக்கர்.”

“அலமாக்! அப்ப சாம்பார எதுல வைக்கிறது, உங்க தலையிலயா?”

அப்படித்தான் பேசுவாள். ரெங்கம் ஊர்க்காரி. வார்த்தையைத் தேடவே மாட்டாள். இப்படியெல்லாம் பேசிவிட்டு மறுநாளே கூலாய்க்குப் போய் வேறு குக்கர் வாங்கிக்கொண்டு வந்தாள். கூடவே எனக்கு முகமூடி ஒரு பெட்டி. ரெசின் நாற்றம் நெஞ்சுக்கு ஆகாதாம்.

அவளும் செனாயில்தான் வேலை பார்த்தாள். சின்னச் சின்ன எலக்ட்ரானிக் பாகங்கள் செய்யும் இடத்தில் கியூசி, அதாவது பழுதானதைக் கண்டுபிடித்துப் பிரிக்கிற வேலை. அங்கே பாகங்களில் மனித விரல் படக் கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை பட்டாலே சாமான் கெட்டுவிடுமாம். அதனால் வேலைக்குள் போகுமுன் பத்து விரலுக்கும் ரப்பர் உறை மாட்டிக்கொள்வாள். இருபத்திரண்டு வருடம் அப்படி. வீட்டுக்கு வரும்போது விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். வந்து குளித்துவிட்டு, நான் செய்துவைத்திருக்கும் லென்ஸை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். நான் மூன்று தடவை பார்த்துத் திருப்திப்பட்டதில் அவள் மூன்று நொடியில் குற்றம் கண்டுபிடிப்பாள்.

“இங்க ஒரு பபுள்.”

“எங்க?”

“கண்ணு எதுக்கு வச்சிருக்கீங்க? இங்க.”

இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும், ஆனால் இருக்கும். அவள் ‘பாஸ்’ என்று சொன்ன எதையும் வாங்கினவர்கள் யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

ஆயுத பூசை அவளுடைய நாள். அன்றைக்கு வீட்டில் உழைக்கிற பொருள் ஒன்றும் பொட்டில்லாமல் இருக்கக் கூடாது. அவளுடைய மோட்டார் சைக்கிள், தையல் இயந்திரம், ஐஸ்பெட்டி, அரிவாள்மனை, என் கம்ப்ரசர், துளை போடுகிற மெஷின், அந்தக் குக்கர் என்று எல்லாவற்றுக்கும் விபூதி, சந்தனம், அதன் நடுவில் குங்குமம். சந்தனத்தைப் பன்னீரில் குழைத்து மோதிர விரலால்தான் வைப்பாள். வேறு விரல் தொடாது. பொரி, கடலை, வாழைப்பழம். கார் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். நான் சாமி விஷயத்தில் கொஞ்சம் அலட்சியக்காரன். பொரிக்கு மட்டும் சரியாக வந்துவிடுவேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால், அப்படி ஓர் ஆயுத பூசைக்குக் கொஞ்ச நாள் முந்தி, சாஆ என்ற ஊரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தோட்டத்தில் கிராணியாக, கணக்கெழுதுகிற வேலையில், இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்துத் துரை ஓட்டிய சின்ன இங்கிலீஷ் கார் ஒன்று அவரிடம் இருந்தது. துரை ஊருக்குப் போகும்போது இவரிடம் கொடுத்துவிட்டுப் போனதாம். ஒரு நாள் சாலையில், தனக்கு முன்னால் போன லோரியிலிருந்து செம்பனைக் குலை, எண்ணெய் எடுக்கிற பனங்குலை, ஒன்று விழும் என்று பயந்து, லோரியை முந்திப் போயிருக்கிறார். முந்தி முன்னால் வந்ததுமே லோரி பிரேக் போட, குலை பறந்து வந்து இவர் காரின் பின்பக்கம் விழுந்தது. வலது விளக்கின் லென்ஸ் தூள்.

“முந்தாம இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது தம்பி” என்று சொல்லி அவரே சிரித்தார்.

அந்தக் காரில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே லென்ஸ்தான். மிச்சமிருந்த இடது லென்ஸைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அதிலும் ஒரு விரிசல். “இது ஒண்ணுதான் இருக்கு. பார்த்துக்குங்க” என்று என் கையில் வைத்தார். கொடுக்கும்போது அவர் கை கொஞ்சம் தயங்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

விரிசலை ஒட்டி, தேய்த்து, மேலே கிளியர் அடித்தேன். கிளியர் என்பது நிறமில்லாத வார்னிஷ் மாதிரி ஒன்று. அதை அடித்தால்தான் பழசு புதுசு போலப் பளபளக்கும், அச்சும் பளபளப்பாக வரும். ஆனால் நன்றாகக் காய ஒரு முழு நாள் ஆகும். தொட்டால் காய்ந்தது போல இருக்கும், உள்ளே இளகலாகத்தான் இருக்கும். தூசி விழாமல் லென்ஸை அலமாரியில் வைத்து, மேலே அரிசிச் சல்லடையைக் கவிழ்த்துவிட்டு, சாமான் வாங்க ஜொகூர் பாருவுக்குக் கிளம்பிவிட்டேன். அன்றைக்கு ஆயுத பூசை. எனக்கு அது ஞாபகமே இல்லை.

நான் திரும்பி வந்தபோது பூசை முடிந்திருந்தது. பொரி தின்றேன், தூங்கிவிட்டேன். மறுநாள் காலையில் சல்லடையைத் தூக்கினால் லென்ஸின் கீழ் இடது மூலையில் சந்தனமும் குங்குமமும். ‘இதையும் விடலையா இவ’ என்று முணுமுணுத்துக்கொண்டே ஈரத்துணியால் துடைத்தேன். மஞ்சள் போனது, சிவப்பு போனது. சுத்தம் என்று நினைத்து, பெட்டி கட்டி, சிலிகானை ஊற்றிவிட்டேன். நிதானமாக ஒரு தடவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். என்ன அவசரமோ எனக்கு, கழுத்தில் கத்தியா வைத்தார்கள்!

இரண்டு நாள் கழித்து முதல் லென்ஸ் வெளியே வந்தது. அழகான சிவப்பு. ஒரு குமிழி இல்லை. பல்பு ஒன்றைப் பின்னால் வைத்துப் போட்டேன். கீழ் இடது மூலையில் ஒரு விரல் ரேகை தெரிந்தது.

முழு ரேகை. சுழித்துச் சுழித்து, ஒரு கோடு கூட விட்டுப்போகாமல், நடுவில் ஒரு பழைய அரிவாள்மனை வெட்டின் தழும்பு குறுக்கே ஓட. விளக்கு இல்லாவிட்டால் தெரியாது. விளக்கு எரிந்தால் கண்ணுக்கு நேரே நிற்கும். காயாத கிளியரில் மோதிர விரலை அழுத்தியிருக்கிறாள். சந்தனத்தைத்தான் நான் துடைத்திருக்கிறேன்.

அன்றைக்கு நான் பேசியதை அப்படியே எழுதுகிறேன். மாற்றி எழுதினால் பொய்யாகிவிடும்.

“இருபது வருஷமா கியூசியில இருக்கே, ஈரமா இருக்கறதைத் தொடக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதா? சாமி சாமின்னு என் வேலைய நாசமாக்கி வச்சிருக்கே. இந்த ரப்பர் என்னா ஓசியிலயா வருது? இனிமே என் சாமான் எதையும் நீ தொடாதே. எதையும்!”

வாசலில் நின்று கத்தினேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர், உள்ளே போய்விட்டார். என் மனைவி லென்ஸை வாங்கி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அவள் விரலை அவளே பார்த்தாள். வழக்கமாக எனக்கு ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிக் கொடுப்பவள், அன்றைக்கு மெதுவாகத்தான் பேசினாள்.

“ஃபேக்டரியில எங்க விரலு எங்கயும் படக் கூடாதும்பான். அதுக்குத்தான் சம்பளம் குடுக்கறான். வீட்லயும் படக் கூடாதா?”

லென்ஸை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். எனக்கு அப்போது அது பதில் சொல்ல வேண்டிய கேள்வியாகவே படவில்லை.

கிராணி ஐயாவின் லென்ஸை வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி கிளியர் அடித்து, காயவைத்து, இரண்டாவது அச்சு எடுத்தேன். முதல் அச்சைக் கத்தியால் துண்டு துண்டாக நறுக்கினேன். சிலிகான் விலை அதிகம். கெட்டுப்போன அச்சை வீசமாட்டோம், நறுக்கி, அடுத்த அச்சுகளின் முதுகுப் பக்கத்தில் புதைத்துவிடுவோம். அதையும் அப்படியே செய்தேன். கோபத்தில் ரொம்பப் பொடியாக நறுக்கினேன்.

இரண்டாவது அச்சில் ஊற்றுவதற்குள் ரெசின் தீர்ந்துபோனது. தீபாவளி நெருக்கம், கடையில் சரக்கு வரவில்லை. அதற்குள் கிராணி ஐயா வந்து நின்றார். லாபிஸில் ஒரு கல்யாணம், கார் வேண்டும், பின் விளக்கு இல்லாமல் போனால் போலீஸ்காரன் பிடிப்பான். அவருடைய பழைய லென்ஸோடு, ரேகை விழுந்த அந்த முதல் லென்ஸையும் கொடுத்தேன். “இது தற்காலிகமா மாட்டிக்குங்க. நல்லது செஞ்சி வைக்கறேன், வந்து மாத்திக்கலாம்” என்றேன். சரி சரி என்று வாங்கிக்கொண்டு போனார்.

தீபாவளி கழிந்து போன் செய்தார்.

“தம்பி, பிரேக் பிடிச்சா ஒரு மூலையில சுழிச்சிக்கிட்டு ரேகை மாதிரி என்னமோ தெரியுதே?”

“அதாங்கய்யா தற்காலிகம்னு சொன்னேன். நல்லது ரெடியா இருக்கு, வாங்க. வர முடியாதுன்னா ரெண்டாயிரம் நம்பர் வாட்டர் பேப்பர் வாங்கித் தண்ணி விட்டுத் தேய்ங்க. அப்புறம் பாலிஷ் போடுங்க. அழிஞ்சிடும்.”

“செய்யலாம், செய்யலாம்.”

அவருக்கு எல்லாமே ‘செய்யலாம்’தான். வரவும் இல்லை, தேய்க்கவும் இல்லை. அடுத்த வருடம் குளுவாங் திடலில் பழைய கார்க்காரர்கள் கூடியபோது அவர் காரைப் பார்த்தேன். யாரோ பிரேக்கை அழுத்த, ரேகை அப்படியே பளிச்சென்று நின்றது. எனக்குக் கோபம் ஏறிவிட்டது. பத்துப் பேர் நடுவில், அவர் மனைவியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “இன்னும் அப்படியேவா வச்சிருக்கீங்க? பார்க்கறவன் இது யாரு செஞ்சதுன்னு கேட்டா என் மானம் போவாதா?” என்று ஏசிவிட்டேன். அந்த மனிதர் என் அப்பா வயதுக்காரர். “செஞ்சிடறேன் தம்பி, செஞ்சிடறேன்” என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அந்த வருட ஆயுத பூசைக்கு என் மனைவி எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். மோட்டார், தையல் இயந்திரம், ஐஸ்பெட்டி, அரிவாள்மனை. கார் போர்ச்சுக்கு வரவில்லை. கம்ப்ரசர் வெறுமனே நின்றது. அவள் பழைய குக்கர் கூட வெறுமனே இருந்தது. நான் கவனித்தேன். கவனிக்காதது போலப் பொரி தின்றேன். அடுத்த வருடமும் அப்படித்தான். அதற்குள் லென்ஸை விளக்கில் பிடித்துப் பார்ப்பதையும் நிறுத்தியிருந்தாள். நானே நீட்டினால், “நீங்களே பாருங்க. நான் தொடலை” என்பாள். சண்டையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். மற்றபடி எங்களுக்குள் ஒரு குறையும் இல்லை, சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தோம். ‘அட, அன்னிக்கு ஏதோ கோவத்துல சொல்லிட்டேன், வந்து வை’ என்று ஒரு வார்த்தை. அது என் வாயிலிருந்து வரவே இல்லை. இத்தனை நீள வாய் எதற்கு எனக்கு!

போன வருடக் கடைசியில், ஒரு காலை, வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்போடு உட்கார்ந்துவிட்டாள். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தாள். பேசவில்லை. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் விரலில் அங்கேயும் ஒரு உறை மாட்டியிருந்தார்கள், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கிற கருவி. நான்காம் நாள் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

இறப்பைப் பதியப் போன இடத்தில் அவள் கைரேகை பதிவான அடையாள அட்டையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள். சட்டம் அது. காரியத்துக்கு முன்னால் அவள் அண்ணியும் மற்றவர்களும் வந்து வீட்டைக் கழுவினார்கள். தீட்டு வீடு, கழுவித்தானே ஆக வேண்டும். சுவர், கதவு, கண்ணாடி, ஐஸ்பெட்டி, தையல் இயந்திரம், அலமாரி என்று ஒன்று விடாமல் சோப்புத் தண்ணீரில் துடைத்தார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள். நானும் வாளியில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன்.

சில மாதம் வேலை செய்யவில்லை. பிறகு ஒரு சிங்கப்பூர்க்காரர் விடாமல் கூப்பிட்டதால் ஒரு லென்ஸ் ஊற்றினேன். எடுத்து விளக்கில் பிடித்தேன். பிடித்த கையோடு திரும்பி, உள்ளே நீட்டப் போனேன். பார்க்க ஆள் இல்லை. அப்போதுதான் அந்த ரேகை நினைவுக்கு வந்தது. லென்ஸை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்த் தேடினேன்.

வீட்டில் அவள் விரல் பட்ட தடயம் ஒன்றும் மிச்சமில்லை. எல்லாம் கழுவியாகிவிட்டது. என் போனில் நூறு லென்ஸ் படம் இருந்தது, பழுதானதை மட்டும் நான் படமெடுப்பதே இல்லை. முதல் அச்சின் துண்டுகள் எந்தெந்த அச்சின் முதுகில் போயிருக்கும் என்று யோசித்து, கத்தியை எடுத்தேன். நல்ல நிலையில் இருந்த மூன்று அச்சுகளைக் கிழித்தேன். உள்ளே புதைந்திருந்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். வளைவு தெரிந்தது, பட்டைக் கோடுகள் தெரிந்தன, ரேகை இல்லை. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள் அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். கார் போர்ச் முழுக்க ரப்பர் துண்டாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு, “அப்பா, என்ன தேடறீங்க?” என்றாள். அம்மாவை ஏசின கதையை மகளிடம் எப்படிச் சொல்வது?

மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. சாஆவில், கிராணி ஐயாவின் காரில்.

வியாழக்கிழமை காலை அவருக்குப் போன் செய்தேன். கார் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். லென்ஸ் உடையவில்லையே என்றேன். இல்லை என்றார். அந்த ரேகை இருக்கிறதா என்று கேட்டிருக்கலாம். கேட்டிருக்க வேண்டும். இல்லை என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் கேட்கவில்லை. பயந்தால் என் குரல் கடுகடுவென்று ஆகிவிடும், அது என் பிறவிக் குணம்.

“ஞாயித்துக்கிழமை வர்றேன். அந்த லைட்டை நான் பார்க்கணும்.”

“எதுக்கு தம்பி?”

“வந்து சொல்றேன்” என்று வைத்துவிட்டேன்.

அவரை எனக்குத் தெரியும். மூன்று வருடமாக ‘செய்யலாம்’ என்று சொன்னவர். அந்தச் சோம்பேறித்தனத்தை இந்த உலகத்தில் நம்பிய ஒரே ஆள் நான்தான். மூன்று நாளும் நன்றாகத் தூங்கினேன். அவருக்காக அன்றைக்குச் செய்துவைத்த நல்ல லென்ஸ் அலமாரியில் அப்படியே இருந்தது. அதைத் துடைத்து, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டேன். இதைக் கொடுத்து அதை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கி வந்து, அவள் படத்துக்குப் பக்கத்தில், பின்னால் ஒரு சின்ன பல்பு வைத்து மாட்ட வேண்டும். திருகாணி எங்கே வரும் என்பது வரைக்கும் யோசித்துவிட்டேன்.

செனாயிலிருந்து யோங் பெங் வரைக்கும் நெடுஞ்சாலை. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் செம்பனை. முன்னால் குலை ஏற்றிய லோரி ஒன்று போனது. நான் முந்தவில்லை, மெதுவாகப் பின்னாலேயே போனேன். வழியெல்லாம் அவளோடு பேசிக்கொண்டு போனேன். ‘கொஞ்சம் பொறு, எடுத்துட்டு வந்துடறேன்’ என்று வாய்விட்டே சொன்னேன். ஆறு மாதத்தில் அன்றைக்குத்தான் எனக்கு நெஞ்சு கொஞ்சம் லேசாக இருந்தது.

கிராணி ஐயா வாசலிலேயே காத்திருந்தார். வெள்ளைச் சட்டை, வாரிய தலை. கார் கழுவி நிறுத்தியிருந்தது. அவர் மனைவி வெளியே வந்தார்.

“வாங்க தம்பி, பசியாறிட்டீங்களா? வீட்டுக்காரம்மா வரலையா? அழைச்சிட்டு வந்திருக்கலாமே.”

“வரலைங்கம்மா” என்றேன். அவர்களுக்கு விஷயம் தெரியாது. முதலில் லென்ஸைப் பார்த்துவிட்டு எல்லாம் சொல்லலாம் என்று இருந்தேன்.

காருக்குப் பின்னால் போனேன். கிராணி ஐயா எனக்கு முந்திக்கொண்டு போய், பாக்கெட்டிலிருந்து துணியை எடுத்து வலது லென்ஸை ஒரு தடவை துடைத்தார். அவர் விரல்களைப் பார்த்தேன். நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி, நகக்கண்ணில் சிவப்புத் தூள் ஏறியிருந்தது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தும் நம்பவில்லை.

“தம்பி போன்ல லைட்டைப் பார்க்கணும்னு சொன்னீங்களா, எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. அன்னிக்கு குளுவாங்ல எல்லாரு முன்னாடியும் ஏசினீங்க. இந்தத் தடவையும் அப்படியே இருந்தா தம்பி விடமாட்டாருன்னு இவ சொன்னா. நீங்க சொன்ன அதே ரெண்டாயிரம் நம்பர்தான். வெள்ளிக்கிழமை முழுக்க, நேத்து பாதி நாளு. கை விட்டுப் போச்சு லா. பாருங்க, ஒரு கோடு இல்ல.”

அவர் முகத்தில் அப்படி ஒரு எதிர்பார்ப்பு. ஏச்சு விழாது, பாராட்டு விழும் என்று நிற்கிறார். தொடாதே என்று சொன்னதும் நான், தேய் என்று சொன்னதும் நான். அந்தப் பெரியவரின் கையைப் பிடித்து இரண்டு நாள் தேய்க்க வைத்ததும் என் வாய்தான்.

“பிரேக்கை அழுத்துங்கய்யா” என்றேன்.

அவர் உள்ளே ஏறி உட்கார்ந்து அழுத்தினார். நான் குந்தி உட்கார்ந்தேன். விளக்கு எரிந்தது. கீழ் இடது மூலையைப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். மேலிருந்து, பக்கவாட்டில், கிட்டே போய், தள்ளி வந்து பார்த்தேன். நல்ல கை அவருக்கு. ஒரு கீறல் இல்லை, ஒரு மங்கல் இல்லை, சுத்தமான சிவப்பு. என் மனைவி பார்த்திருந்தால் மூன்று நொடியில் பாஸ் போட்டிருப்பாள். அந்த மூலையில் என் மோதிர விரலை வைத்தேன். பல்பின் சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது.

“எப்படி தம்பி? சுத்தமா இருக்கா?” உள்ளேயிருந்து கேட்டார்.

“சுத்தமா இருக்குங்கய்யா.”

“கால எடுத்துடலாமா?”

“கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிங்கய்யா.”

அவர் மனைவி கோப்பியை எடுத்துக்கொண்டு வந்து, நான் குந்தியிருப்பதைப் பார்த்து, கோப்பையைத் தரையில் என் பக்கத்தில் வைத்தார். கிராணி ஐயா இன்னும் இரண்டு தடவை, “போதுமா தம்பி?” என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் ஏசுவேன் என்று நினைத்திருப்பார். காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தார்.